கிரேன் என்றால் கொக்கு இல்லை

ஆங்கிலத்தில் கிரேன் என்று ஒரு பறவை இருக்கிறது. பாரம் தூக்கும் இயந்திரத்துக்கும் அதே பெயர்தான். கிரான்பெர்ரி என்ற பழத்திலும், ஜெரேனியம் என்ற பூச்செடியிலும், நாய் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் பெடிகிரி என்ற சொல்லிலும் இதே பறவை ஒளிந்திருக்கிறது. ஆனால் தமிழில் இதைச் சொல்ல வருபவர்கள் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். அகராதியைப் பார்த்து "கொக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். கொக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பெயர்களில் பாதி புரியாமலே போய்விடும். அதனால் முதலில் பறவையைச் சரிசெய்துகொள்வோம்.

வயல்வரப்பில் வெள்ளை வெளேரென்று நிற்கும் கொக்கு ஆங்கிலத்தில் ஈக்ரெட். குளத்தில் தனியாக நிற்கும் சாம்பல் நாரை ஹெரன். சத்திமுத்தப் புலவர் தூது விட்ட செங்கால் நாரை ஸ்டார்க். கிரேன் இந்த மூன்றில் எதுவும் இல்லை. அது தனிக் குடும்பம். உலகம் முழுவதும் சேர்த்து 15 இனங்கள்தான். உத்தரப் பிரதேசத்து வயல்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் சாரஸ் அவற்றில் ஒன்று. ஏறத்தாழ 1.8 மீட்டர் வரை வளரும். பறக்கக்கூடிய பறவைகளில் அதைவிட உயரமானது கிடையாது. ராஜஸ்தானுக்குக் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் குர்ஜா இன்னொன்று. தமிழகத்துக்குக் கிரேன்கள் வழக்கமாக வருவதில்லை. கண்ணில் படாத பறவைக்குப் பெயர் எப்படி நிலைக்கும்? அதனால்தான் அகராதிக்காரர்கள் பக்கத்தில் இருந்த கொக்கைப் பிடித்துப் போட்டார்கள்.

வேறுபாட்டை அறிய மூன்று அடையாளம் போதும். பறக்கும்போது கொக்கும் ஹெரனும் கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். கிரேன் கழுத்தை ஈட்டிபோல் முன்னால் நீட்டியே பறக்கும். கொக்கு மரத்தில் அடையும். கிரேன் பெரும்பாலும் மரத்தில் உட்காராது. ஆப்பிரிக்காவின் கொண்டைக் கிரேன்கள் மட்டும் விலக்கு. காரணம் காலில் இருக்கிறது: கொக்கின் பின்விரல் நீளமாகக் கிளையைப் பற்றும், கிரேனின் பின்விரல் சின்னதாக மேலே ஏறி நிற்கும். மூன்றாவது அடையாளம் குரல். ஸ்டார்க்குக்குக் குரலே இல்லை என்று சொல்லலாம், அலகைத் தட்டித்தான் சத்தம் எழுப்பும். கிரேன் கத்தினால் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும்.

பெயர் பிறந்தது இந்தக் குரலில்தான். கிரேன்களின் மூச்சுக்குழாய் நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. பெரும்பாலான இனங்களில் மார்பெலும்புக்குள் புகுந்து, சுருண்டு, திரும்பி வருகிறது. சில இனங்களில் அதை விரித்து அளந்தால் 1 மீட்டருக்கு மேல் இருக்கும். எக்காளத்தின் சுருண்ட குழாய் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதை மொழியில் "கரகரத்த குரலில் கூவு" என்ற பொருளில் ஒரு வேர் இருந்தது. லத்தீனில் க்ரூஸ், கிரேக்கத்தில் கெரனோஸ், வெல்ஷில் கரன், லித்துவேனிய மொழியில் கெர்வே, பழைய ஆங்கிலத்தில் க்ரான் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை.

இங்கே தமிழ் எழுத்து ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. லத்தீன் க்ரூஸின் முதல் ஒலி "கங்கை"யில் வரும் க. ஆங்கிலக் கிரேனின் முதல் ஒலி "கல்"லில் வரும் க. இந்த மாற்றம் தற்செயல் இல்லை. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு அடங்கிய ஜெர்மானியக் கிளையில் பழைய கங்கைக் க எல்லாமே கல் க ஆகிவிட்டது. லத்தீனில் முழங்காலுக்குக் கெனு, ஆங்கிலத்தில் நீ. அதன் தலையில் இன்று உச்சரிக்காமல் நிற்கும் கே எழுத்துதான் அந்தக் கல் க. லத்தீனில் தானியத்துக்குக் கிரானும், ஆங்கிலத்தில் கார்ன். ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் ஊகம் என்று தள்ளலாம். பத்துச் சொல்லில் ஒரே மாதிரி நடந்தால் அது விதி. கிரேன் அந்த விதிக்குள் கச்சிதமாக உட்காருகிறது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் மட்டும் பறவையின் பெயர் த்ரானி என்று தகரத்தில் ஆரம்பிக்கிறது, விதிக்கு அடங்காத பிள்ளை. அதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

"குருகு என்ற தமிழ்ச் சொல்தானே கிரேன் ஆயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. குருகு பழைய சொல்தான். சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையில் முருகன் பிளந்த கிரவுஞ்ச மலையே "குருகுபெயர்க் குன்றம்" ஆகிவிடுகிறது. கிரௌஞ்சம் என்ற வடமொழிப் பறவைப் பெயரைத் தமிழாக்க அன்றைக்குக் கிடைத்த சொல் குருகு. ஆனால் ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது, பறவைப் பெயர்களில் சுத்தமாக ஆகாது. கரகரவென்று கத்தும் பறவைக்குக் ககரமும் ரகரமும் சேர்த்துப் பெயர் வைக்க எந்த ஊர்க்காரனும் இன்னொருவனிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. காக்கையை நாம் காக்கை என்பதும் ஆங்கிலேயன் க்ரோ என்பதும் அப்படித்தான். வடமொழிக் கிரௌஞ்சமே கிரேனின் உடன்பிறப்பு இல்லை. மேலே சொன்ன வேரில் பிறந்திருந்தால் அது கங்கைக் க-விலோ ஜ-விலோ தொடங்கியிருக்க வேண்டும், கல் க-வில் தொடங்காது. ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்ல மூன்றும் வேண்டும்: மிகப் பழைய எழுத்துச் சான்றில் சொல் எந்த வடிவில் இருந்தது, உறவு மொழிகளில் அது விதிப்படி மாறியிருக்கிறதா, பொருள் எப்படி நகர்ந்தது. ஒன்று குறைந்தாலும் முடிவைத் தள்ளிவைக்க வேண்டும்.

இதே காரணத்தால் மண்டையோட்டைக் குறிக்கும் கிரேனியத்தையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. அது கிரேக்கச் சொல், கிரேக்கத்திலேயே கல் க-வில் தொடங்குவது. பறவையோ கிரேக்கத்தில் கங்கைக் க.

பறவையின் பெயர் குரலில் பிறந்தது. ஆனால் அந்தப் பறவையின் பெயரைக் கடன் வாங்கிய பொருள்கள் எதுவும் குரலைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் உடம்பில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது.

கழுத்தைப் பிடித்தது இயந்திரம். நெட்டுக்குத்தலாக ஒரு கம்பம், அதன் உச்சியில் முன்னோக்கி நீளும் கை, கை நுனியில் தொங்கும் கயிறு: கிரேன் குனிந்து இரை எடுத்து நிமிரும் காட்சி அப்படியே இருக்கிறது. இந்த ஒப்புமை ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு இல்லை. கிரேக்கர்களே தூக்கும் பொறியைக் கெரனோஸ் என்றார்கள். நாடக மேடையில் நடிகரை மேலே தூக்கும் பொறிக்கும் அந்தப் பெயர் உண்டு. பிரெஞ்சில் க்ரூ, ஸ்பானியத்தில் க்ரூவா, போலிஷில் ஷுராவ், எல்லாமே பறவையின் பெயர்தான் அல்லது அதிலிருந்து வந்தது. போலந்தின் கதான்ஸ்க் துறைமுகத்தில் 1442க்கும் 1444க்கும் இடையில் கட்டிய மரக்கிரேன் ஷுராவ் என்ற பெயரிலேயே நிற்கிறது. பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்து நடந்து, கயிற்றைச் சுற்றிப் பாரம் ஏற்றிய பொறி அது.

போலிஷிலும் ரஷ்ய மொழியிலும் கிணற்று ஏற்றத்துக்கும் இதே பறவைப் பெயர். நம் ஊர் ஏற்றமும் அதே பொறிதான்: கால் மரம், குறுக்கே துலா, நுனியில் சால். நாம் அது செய்யும் வேலையைப் பார்த்து ஏற்றம் என்றோம், அவர்கள் அது நிற்கும் தோற்றத்தைப் பார்த்துப் பறவை என்றார்கள்.

டச்சில் நடந்தது இன்னும் சுவை. க்ரான் என்ற சொல் பறவையிலிருந்து பொறிக்குப் போனது, வளைந்த மூக்கைப் பார்த்துத் தண்ணீர்க் குழாய்க்கும் போனது. கடைசியில் சொல் முழுக்கப் பொறிக்கும் குழாய்க்கும் சொந்தமாகிவிட, பறவைக்குப் புதிதாக "க்ரான்-பறவை" என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று. டச்சுக்காரர்கள் கப்பலேறிப் போன இடத்துக்கெல்லாம் அந்தக் குழாயும் போனது. இந்தோனேசியாவில் இன்றும் தண்ணீர்க் குழாய்க்குக் கெரான். ஆங்கிலத்தில் எட்டிப் பார்ப்பதற்குக் கழுத்தைக் "கிரேன் செய்வது" என்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் வருகிறது, பொறிக்கு நெடுங்காலம் பின்னால்.

காலைப் பிடித்தது பெடிகிரி. எல்லாப் பெயர்களிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்டவர்களின் பிரெஞ்சில் பே த க்ரூ என்றால் "கிரேனின் கால்". வம்சாவளி எழுதுகிறவர்கள் தந்தை பெயருக்குக் கீழே மூன்று கோடுகளை விரித்துப் போட்டு, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதினார்கள். அந்த மூன்று கோடு சேற்றில் பதிந்த கிரேனின் காலடி மாதிரி இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. நாளடைவில் படிநிலையைக் குறிக்கும் டிகிரியோடு குழம்பி எழுத்தும் மாறிப்போனது.

ஏன் வேறு பறவையின் கால் இல்லை? மேலே சொன்ன பின்விரலை நினைத்துக்கொள்ளுங்கள். குளக்கரை ஈரமண்ணில் கொக்கு நடந்த தடத்தைக் குனிந்து பாருங்கள்: முன்னால் மூன்று விரல், பின்னால் நீளமாக ஒரு விரல், மொத்தம் நான்கு கோடு. கிரேனின் பின்விரல் தரையைத் தொடாததால் மூன்று கோடுதான் விழும். கொக்கு என்று மொழிபெயர்த்தால் இந்தப் பெயரே பொய்யாகிவிடும். இதே பொருளுக்கு நாம் கொடிவழி என்கிறோம்; அவர்கள் சேற்றில் பார்த்ததை நாம் பந்தலில் பார்த்தோம். பிரெஞ்சில் "கிரேன் கால் போடுவது" என்றால் ஒரே இடத்தில் நெடுநேரம் காத்து நிற்பது. நம் ஒற்றைக்காலில் நிற்பதோடு அதைச் சேர்த்துவிடக் கூடாது, நம்முடையது பிடிவாதம்.

அலகைப் பிடித்தது ஜெரேனியம். கிரேக்கத்தில் கெரானியோன் என்றால் குட்டிக் கிரேன். இதழ் உதிர்ந்ததும் பூவின் நடுத்தண்டு நீண்டு கூர்மையாகி அலகுபோல் நிற்கும். காய்ந்ததும் அந்த அலகு ஐந்து கீற்றாகப் பிளந்து, வில்போல் வளைந்து, விதையைத் தூர எறியும். ஆங்கிலத்தில் நாட்டுப்பெயரும் "கிரேன் அலகு" என்பதுதான்.

இந்தச் செடியில் ஒரு பெயர்க்குழப்பம் நடந்து, இன்றுவரை தீரவில்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் தென்னாப்பிரிக்கச் செடிகளையும் ஐரோப்பியச் செடிகளையும் ஒரே ஜெரேனியப் பேரினத்தில் போட்டார். 1789இல் பிரெஞ்சுக்காரரான லெரித்தியே அவற்றைப் பிரித்தார். தென்னாப்பிரிக்கக் கூட்டத்துக்குப் பெலார்கோனியம் என்று பெயர், பெலார்கோஸ் என்றால் ஸ்டார்க். இன்னொரு கூட்டத்துக்கு எரோடியம், அது ஹெரனின் கிரேக்கப் பெயரில் வந்தது. தோட்டக்காரர்களோ பழைய பெயரை விடவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல் தொட்டிகளில் சிவப்பும் ரோஸுமாகப் பூப்பது பெலார்கோனியம்தான். நீலகிரியில் எண்ணெய்க்காகப் பயிரிடும் ஜெரேனியமும் அதுதான். உண்மையான ஜெரேனியமும் அதே மலைகளில் இருக்கிறது. ஜெரேனியம் நேபாலென்ஸ் என்ற சின்னக் களைச்செடி, பாதையோரப் புல்லில் விரல்நக அளவுப் பூவோடு படர்ந்து கிடக்கும். ஐந்து இதழும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்றால் ஜெரேனியம். மேலிரண்டு இதழ் ஒரு மாதிரி, கீழ் மூன்று வேறு மாதிரி என்றால் பெலார்கோனியம். தொட்டியில் வளர்க்கும் அடுக்குப்பூ வகைகளில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே விதையைப் பார்க்க வேண்டும், பெலார்கோனியத்தின் விதையில் இறகுபோன்ற பஞ்சு இருக்கும்.

கிரான்பெர்ரியில்தான் கட்டுக்கதை அதிகம். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் பூவைப் பார்த்து, "அட, கிரேன் தலை மாதிரி இருக்கிறதே" என்று பெயர் வைத்தார்கள் என்று ஜூஸ் பெட்டியிலிருந்து பள்ளிப் பாடம் வரைக்கும் சொல்வார்கள். பூவின் இதழ்கள் பின்னால் மடங்க, மகரந்தக் கூம்பு அலகுபோல் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் க்ரான்பேரே என்ற பெயர் வட ஜெர்மனியின் தாழ்நில மொழியில் ஏற்கெனவே இருந்தது. அங்கிருந்துதான் 1640களில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்வீடனிலும் த்ரான்பார், அதே "கிரேன் பழம்". இங்கிலாந்திலும் இதற்கு நெருங்கிய உறவான சிறு பழம் விளைந்தது. அங்கே அதைச் சதுப்புப்பழம், பாசிப்பழம் என்ற பொருளில் அழைத்தார்களே தவிரக் கிரேனோடு சேர்க்கவில்லை. பூவின் வடிவமா, கிரேன் வாழும் சதுப்பில் விளைவதா என்று இரண்டு விளக்கமும் புழங்குகின்றன. எனக்குச் சதுப்பு விளக்கம்தான் இயல்பாகப் படுகிறது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் கிரேன் நிறையவே இருந்தது. 1465இல் யார்க் பேராயராக ஜார்ஜ் நெவில் பொறுப்பேற்ற விருந்தின் பட்டியலில் 204 கிரேன்கள் இருக்கின்றன. அதே பட்டியலில் ஹெரன்கள் தனிவரியில் 400. அடுக்களைக்காரர்களுக்கு இரண்டும் வேறு வேறு என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. வேட்டையும் சதுப்பு வற்றடிப்பும் சேர்ந்து 1600 வாக்கில் அங்கே கிரேன் கூடு கட்டுவது நின்றுபோனது. பறவை போனதும் பெயர் அநாதையானது. பல வட்டாரங்களில் மிச்சமிருந்த சாம்பல் ஹெரனையே கிரேன் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். இல்லாத பறவையின் பெயரை இருக்கும் பறவைக்குச் சூட்டுவதில் நம் அகராதிக்காரர்கள் தனியாக இல்லை. கிரேன்கள் 1979இல் நார்ஃபோக் பக்கம் தாமாகவே திரும்பி வந்து, பிறகு குஞ்சும் பொரித்தன.

ஊர்ப்பெயர்கள் மட்டும் பழைய கணக்கை வைத்திருக்கின்றன. கிரான்ஃபீல்ட் கிரேன்கள் இறங்கிய திறந்தவெளி, கிரான்புரூக் கிரேன் ஓடை. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் டிரான்மியரின் பெயரைக் கால்பந்து பார்ப்பவர்கள் கேட்டிருப்பார்கள். அதன் முதல் எழுத்து நார்ஸ் த்ரானியின் தகரம்தான். கிரேன்கள் கூடும் மணல்திட்டு என்று பொருள், வைக்கிங்குகள் குடியேறிய கரை. ஆனால் கிரேன் என்று கண்டதையெல்லாம் பறவைக்கு எழுதிவிடக் கூடாது. லண்டனுக்கு மேற்கே கிரேன் என்று ஓர் ஆறு ஓடுகிறது. பறவையால் பெயர் பெற்ற ஆறு என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் முதலில் இருந்தது கிரான்ஃபோர்ட் என்ற ஊர், கிரேன்கள் வரும் ஆற்றுத்துறை. பிற்காலத்தில் "கிரான்ஃபோர்ட் என்றால் கிரேன் ஆற்றின் துறை போலிருக்கிறது" என்று நினைத்து ஊர்ப்பெயரை வெட்டி ஆற்றுக்குச் சூட்டிவிட்டார்கள்.

சாரஸ் என்ற பெயர் ஆங்கிலத்துக்கு இந்தியிலிருந்து போனது. அதன் மூலம் வடமொழியில் பொய்கையைக் குறிக்கும் சரஸ். பொய்கையில் பிறந்தது சரோஜா, பொய்கையில் வாழ்வது சாரஸ். அதன் அறிவியல் பெயரில் இருக்கும் ஆன்டிகனியை நாடகத்தில் வரும் ஈடிபஸ் மகள் என்று பலர் நினைக்கிறார்கள். இவள் டிராய் நாட்டு ஆன்டிகனி. லத்தீன் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் ஜூனோ தேவி இவளை ஸ்டார்க்காக மாற்றுகிறாள். கிரேனாக மாறியது அதற்குச் சற்று முன்னால் வரும் குள்ளர் நாட்டு அரசி. லின்னேயஸ் 1758இல் பக்கத்து வரியைப் பிடித்துவிட்டார். குர்ஜாவுக்கு ஆங்கிலத்தில் டெமாசெல், பிரெஞ்சில் இளம்பெண் என்று பொருள். பிரான்ஸ் அரசி மரீ அந்துவானெத் வைத்த பெயர் என்று இணையமெங்கும் இருக்கிறது. லின்னேயஸ் அதே 1758இல் இந்தப் பறவைக்குக் கன்னி என்ற பொருளில் விர்கோ என்று பெயரிட்டுவிட்டார். அப்போது அந்த அரசி இரண்டு மூன்று வயதுக் குழந்தை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே கவனம் வேண்டும். பெயரை அகராதியில் தேடாமல், பாட்டில் பறவை என்ன செய்கிறது என்று பாருங்கள். "ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்" அசையாமல் நிற்பது ஹெரன் குடும்பத்து வேலை. கிரேன் நடந்து நடந்து தானியமும் கிழங்கும் பூச்சியும் பொறுக்கும் பறவை. "கொக்கொக்கக் கூம்பும் பருவத்து" என்ற குறளுக்கும் அதே ஹெரன்தான். குறுந்தொகையில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்று, அந்தக் களவு மணத்துக்கு ஒரே சாட்சியான குருகுக்குத் தினைத்தாள் போன்ற சிறு பசுங்கால். அதையும் கிரேன் என்று எழுத வழியில்லை. பனங்கிழங்கைப் பிளந்தாற்போன்ற பவளக் கூர்வாயும் செங்காலுமாகக் குமரிவரை வந்து வடதிசைக்குத் திரும்பும் நாரைக்கு ஒயிட் ஸ்டார்க் என்று போடுங்கள். அங்கிருந்து தமிழுக்கு வரும்போது, செய்தித்தாள்கள் எழுதும் "சைபீரியக் கொக்கு", "சாரஸ் கொக்கு" என்பதில் அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு, சாரஸ் என்றும் சைபீரியக் கிரேன் என்றும் எழுதினால் போதும்.